முந்திச் சொன்ன தேதி

ஆய்வகத்தில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தியோடு வேலை செய்வதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். வாயால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும் ஓர் அறையில், உடம்பிலிருந்து எடுத்து வந்த துணுக்குகளை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் வைத்து வெங்காயச் சருகைவிட மெல்லிய சீவல்களாக வெட்டுவது அவள் வேலை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஒரு சீவல் இறங்கும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி மாடியிலிருக்கும் டாக்டரம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை, கறுவிக்கொண்டு வந்தாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் கிடையாது. "எல்லாரும் சோத்துக்காகப் படிச்சாங்க, நான் கோவத்துல படிச்சேன்," என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

கோபம் அவளுடைய மாமியார் மேல். முன்னாள் மாமியார் என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் அந்த அம்மாளுக்குக் கணக்கம்மா என்று பெயர். வீட்டில் எதுவும் அந்தக் கணக்குக்குத் தப்பாது. கேஸ் சிலிண்டர் என்று திறந்தது, டப்பாவில் எத்தனை பிஸ்கட் மிச்சம், மகனுடைய பனியன்களில் எது கிழிந்தது, எது கொடியில் காய்கிறது, எல்லாம் விரல்நுனியில். "எனக்குக் கணக்குத் தப்பாது" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வாள். மருமகளின் மாதவிலக்குத் தேதியும் அந்தக் கணக்கில்தான் அடக்கம். மருமகளே மறந்தாலும் மாமியார் மறக்க மாட்டாள். குளியலறை வாசலில் நின்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடின, குழந்தை இல்லை. ஒரு நாள் மாமியார் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். மகனை அழைத்துப் போகவில்லை. அவனுக்கு என்ன குறை, அவன் ராஜா மாதிரி இருக்கிறான் என்று முடித்துவிட்டாள். டாக்டர் கர்ப்பப்பையின் உள்படலத்தில் துளி எடுத்துப் பார்க்கலாம் என்றார். மாதவிலக்கு தொடங்கிய தேதியைச் சரியாகச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் படலம் ஒழுங்காக வளர்ந்திருக்கிறதா என்று தெரியும் என்றும் சொன்னார். கேள்வி மருமகளிடம், பதில் மாமியாரிடமிருந்து. அது அந்த வீட்டு வழக்கம், வெளியே வந்தாலும் மாறாது. மாமியார் ஒரு தேதியைச் சொன்னாள். அது உதிரப்போக்கு தொடங்கிய நாள் அல்ல, அதற்கு ஐந்து நாள் முன்னால் புடவையில் ஒரே ஒரு கறை பட்டிருந்த நாள். "இல்ல டாக்டர், அது வந்து" என்று மருமகள் வாயெடுத்தாள். மேஜைக்கு அடியில் அவள் தொடையில் மாமியாரின் கை அழுந்தியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். தேதிதானே, முன்ன பின்ன இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டாள்.

உள்படலம் இருக்க வேண்டிய வளர்ச்சியில் இல்லை, பின்தங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அவ்வளவுதான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கணக்கம்மா அதையே பாடினாள். "வயிறு தரிசுன்னு டெஸ்டுலயே வந்திடுச்சு. நாங்க என்ன பண்றது?" புருஷன் என்றிருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். பெட்டி படுக்கையோடு அவளை அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டு, டாக்ஸியைவிட்டு இறங்காமலே திரும்பிப் போனான். அடுத்த வருஷம் அவனுக்கு வேறு கல்யாணம்.

அண்ணன் வீட்டில் அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் அவளுடைய குழந்தையைத் தூக்க இவள் கை நீட்டும்போதெல்லாம், "இப்பத்தான் தூங்கினான்" என்பாள். அந்தப் பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தாள். பிறகு நகையை விற்று ஆய்வகப் படிப்பில் சேர்ந்தாள். தன்னிடமிருந்து எதை எடுத்தார்கள், அதில் எதைப் பார்த்துத் தரிசு என்றார்கள் என்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது. நீங்களாக இருந்தால் இரண்டாம் கல்யாணத்தைப் பற்றி யோசித்திருப்பீர்கள். அவள் அப்படிப்பட்ட ஜாதி இல்லை.

படிப்பு முடிந்ததும் தன்னைச் சோதித்த அதே ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில், உள்படலத் துணுக்கு வரும்போதெல்லாம் டாக்டரம்மா முதலில் தேதியைக் கேட்பதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்டாள். டாக்டரம்மா பொறுமைசாலி. மைக்ரோஸ்கோப்பின் இரண்டாவது குழாயில் அவளைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"இந்தப் படலம் ஒவ்வொரு மாசமும் புதுசா வளருது. மொதல் பாதியில ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் வந்து, பெருகு பெருகுன்னு செல்லுங்கள விரட்டும். அதோட விடாது. அடுத்து வரப்போற இன்னொரு ஹார்மோன், புரோஜெஸ்டிரோன், அது பேச்சக் கேக்கறதுக்குச் செல்லுக்குள்ள ஏற்பிகள நெறைய செஞ்சு வச்சுட்டுப் போகும். ஏற்பின்னா காதுன்னு வச்சுக்கயேன். கருமுட்டை வெளிய வந்ததும் புரோஜெஸ்டிரோன் வந்து, பெருகினது போதும், இனிமே வேலையப் பாருன்னு சொல்லும். சுரப்பியெல்லாம் சர்க்கரைச் சத்தச் சேத்துச் சுரக்கும். சுத்தியிருக்கற செல்லுங்க உப்பி மெத்தையாகும். மேல் ஓரத்துல கருவப் பிடிச்சுக்கற புரதங்க கொஞ்ச நாளைக்குத் தலை காட்டும். இதெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். அதனால பாத்த உடனே இது எத்தனாவது நாள்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம்."

"கரு வரலைன்னா?"

"புரோஜெஸ்டிரோன் எறங்கிடும். அது இருந்த வரைக்கும் அடக்கி வச்சிருந்த நொதியெல்லாம் அவுத்துவிட்ட மாதிரி கெளம்பும். செல்லுங்களப் பிடிச்சு வச்சிருக்கற வலைய அரிச்சுத் தின்னும். ரத்தக்குழாய் இறுகிச் சுருங்கி, படலம் செத்து, கழண்டு விழும். அடியில மிச்சமிருக்கறது சில நாள்லயே மறுபடி மூடிக்கும். இவ்வளவு ரணத்துக்கும் ஒரு தழும்புகூட விழாது பாரு, அதுதான் ஆச்சரியம்."

"சொன்ன தேதி தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நம்ம கணக்கும் தப்பாயிடும். அஞ்சு நாள் முந்திச் சொல்லிட்டா, நல்ல படலம்கூடப் பின்தங்கின மாதிரி தெரியும். அதுவுமில்லாம ஒரு மாசம் பின்தங்கினா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. அத வச்சு யாரையும் மலடின்னு சொல்ல முடியாது. இப்பல்லாம் அதுக்காக இந்தச் சோதனைய யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல."

கத்தியக்கா கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்று பயம். கறை பட்ட நாளையும், உதிரம் தொடங்கிய நாளையும், தொடையில் அழுந்திய கையையும் நினைத்துப் பார்த்தாள்.

மெழுகில் பதித்த பிளாக்குகளை ஆஸ்பத்திரி தூக்கிப் போடுவதில்லை. பின்னறையில் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கியிருக்கும். டாக்டரம்மாவிடம் முறைப்படி அனுமதி வாங்கித் தன் பிளாக்கைத் தேடி எடுத்தாள். கட்டை விரல் நகத்தளவு மெழுகுக்குள் அரிசிக் குருணைபோல் மூன்று துணுக்குகள். அவற்றைத் தானே வெட்டினாள். புரோஜெஸ்டிரோன் ஏற்பி இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகத் தெரிகிற சாயத்தைத் தானே ஏற்றினாள். டாக்டரம்மா பார்த்தார். சுரப்பிகளில் பழுப்பு மங்கத் தொடங்கியிருந்தது, சுற்றியிருந்த செல்களில் அழுத்தமாக இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சுரப்பிகள் காதை மூடிக்கொள்கிற சமயம். ரத்தம் தொடங்கிய உண்மையான தேதியிலிருந்து எண்ணினால் எப்படி இருக்க வேண்டுமோ அச்சு அசல் அப்படியே இருந்தது.

"உன் படலம் நல்லாத்தாம்மா இருந்திருக்கு," என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். தேதியைப் பொய்யாகச் சொன்ன அந்த வாய், அந்த மகன் முன்னால், பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஜீவனாம்சம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், புருஷனும் வேண்டாம். தேடிக்கொண்டு போய்ச் சண்டை போடலாமா என்று பல தடவை யோசித்தாள். போனால் பைத்தியம் என்று கதவைச் சாத்துவார்கள், தெருவுக்கு நல்ல வேடிக்கை. அதனால் காத்திருந்தாள். பையன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், அங்கேயும் குழந்தை இல்லை, அவளையும் டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு மாமியார் அலைகிறாள் என்று காதில் விழுந்தது. கத்தியக்கா அதைக் கேட்டு வருத்தப்பட்டாள் என்று சொன்னால் பொய். அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

பிறகு ஒரு காலையில், வந்த டப்பாக்களை வரிசைப்படுத்தும்போது ஒன்றின்மேல் அந்தப் பெயரைப் பார்த்தாள். கணக்கம்மாவின் முழுப்பெயர், வயது, மகனின் பெயர். மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்து உதிரப்போக்கு, உள்படலத்தில் எடுத்த துணுக்கு. ஊரையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவளின் கர்ப்பப்பைத் துணுக்கு மூடி போட்ட டப்பாவில் அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அதை மெழுகில் பதித்து மைக்ரோடோமில் பூட்டினாள். இந்த வேலையில் ஒரு தப்பு உண்டு, செய்தவர்களுக்குத்தான் தெரியும். துணுக்கு மெழுகுக்குள் புதைந்திருக்கும். அது வெளிப்படும்வரை முதலில் மொத்தமாகச் சீவித் தள்ள வேண்டும். சின்னத் துணுக்காக இருந்தால் நாலு சுற்று கூடிப்போனாலும் போச்சு. திசு முழுக்கச் சிராயாகித் தட்டில் விழுந்துவிடும், தூரிகையால் தள்ளினால் குப்பைக்குப் போய்விடும். 'திசு போதவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று எழுதி அனுப்புவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. யாரும் கேட்க மாட்டார்கள்.

கைப்பிடி அவள் கையில் இருந்தது. இன்னும் நாலு சுற்று. மறுபடி அந்த மேஜையில் காலை விரித்துப் படுக்கட்டும், மறுபடி குழாயை விடட்டும், வலிக்கட்டும். கேன்சராக இருந்தால் அது பாட்டுக்கு நாளை வளர்த்துக்கொண்டே போகட்டும். அவள் ஒரு சுற்று சுற்றினாள். துணுக்கு மெழுகில் வெள்ளையாகத் தலை காட்டியது. கை நின்றது.

இரக்கமா? அதெல்லாம் ஒன்றுமில்லை. இவள் செத்துத் தொலைந்தால் யார் வந்து சொல்வது என்றுதான் நினைத்தாள். செத்தவளுக்கு மாலை போட்டு, மகராசி, குடும்பத்துக்காகவே உழைத்தாள் என்று நாலு பேர் அழுவார்கள். தரிசு என்ற பேச்சு மட்டும் தரிசாகாமல் நிற்கும். அப்படி விட அவளுக்கு மனசில்லை. பிளாக்கைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, புதுக் கத்தி மாற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினாள். அப்படி ஒரு நாடாவை அந்த அறையில் யாரும் வெட்டியதில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கீறல் இல்லை.

கேன்சர்தான். ஆனால் ஆரம்பநிலை. மாதவிலக்கு நின்றபின்னும் உடம்பின் கொழுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜன் வந்துகொண்டே இருந்திருக்கிறது, போதும் என்று சொல்லப் புரோஜெஸ்டிரோன் இல்லை, படலம் பெருகிக்கொண்டே போய் வழி தவறிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஏற்பிகள் இன்னும் இருக்கின்றன, அது நல்ல அறிகுறி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றும் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட பிளாக்குகளும் ஸ்லைடுகளும் வேண்டும் என்று மகனிடமிருந்து போன் வந்தது. அவன் குரலை அவள் அறிந்துகொண்டாள். அவன் அறியவில்லை.

"நோயாளியும் கூட வரணுங்க. அவங்க கையிலதான் குடுப்போம்," என்றாள். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிஷத்தில் அவள் போட்ட விதி.

வந்தார்கள். ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கணக்கம்மா இளைத்திருந்தாள், ஆனால் பையை இறுக்கிப் பிடித்த விதம் அப்படியே இருந்தது. அவன் ஜன்னலில் குனிந்தவன், நிமிர மறந்து நின்றான்.

"நீ... நீங்க இங்கயா இருக்கீங்க?"

"இங்கதான். உங்கம்மாவோட திசுவ நான்தான் வெட்டினேன்."

கிழவி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்படின்னா ஏதாவது மாத்தி வச்சிருப்பா. வாடா, வேற எடத்துல பாக்கலாம். இவ கையி பட்டது எனக்கு வேண்டாம்."

"மாத்திச் சொல்றது உங்க பழக்கம், எனக்கு வராது," என்றாள் கத்தியக்கா. "பாத்தது டாக்டரம்மா. சந்தேகமா இருந்தா இந்த பிளாக்க எங்க வேணும்னாலும் குடுத்துப் பாருங்க. ஒரு துளி வீணாக்கல."

அவன் கையை நீட்டினான். அவள் டப்பாவைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப உங்கம்மா அஞ்சு நாள் முந்தித் தேதி சொன்னாங்க. அதனாலதான் ரிப்போர்ட் அப்படி வந்திச்சு. என் பிளாக்கும் இங்கதான் இருந்திச்சு, வெட்டிப் பாத்தோம். என் படலத்துல ஒரு கொறையும் இல்ல."

"பழசெல்லாம் இப்ப எதுக்கு," என்றான் அவன். "அம்மாவே ஒடம்பு சரியில்லாம இருக்காங்க. தெரியாமச் சொல்லியிருப்பாங்க."

அவன் அப்படித்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை வருஷம் காத்திருந்ததில் இந்த இடத்தைத்தான் மனசுக்குள் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள், தேன் ஒழுகியது.

"நானும் அதைத்தான் நெனச்சேன். பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க? நாள் எண்ணத் தெரியல. கணக்குல தடுமாறிட்டாங்க."

"ஆமா, அம்மாவுக்குக் கணக்கு அப்பப்பக் கொஞ்சம் தடுமாறும்," என்றான் அவன், விட்டால் போதும் என்று.

கிழவியின் கழுத்து நரம்பு புடைத்தது. "யாருக்குடா தடுமாறும்? எனக்கா? இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் தப்பியிருக்கா எனக்கு? கறை பட்டது திங்கக்கிழமை, உதிரம் வந்தது சனிக்கிழமை. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. தாழ்வாரத்தில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது.

"எதுக்கும்மா?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல. வா போகலாம்."

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

கிழவி மறுபடி உட்கார்ந்தாள். பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உனக்குப் பதினஞ்சு வயசுல பொன்னுக்குவீங்கி வந்திச்சே. ரெண்டு பக்கமும் விதை வீங்கி வலி தாங்காம துடிச்சியே. பின்னால கொழந்த பொறக்கறது கஷ்டமாகலாம், பெரியவனானதும் டெஸ்ட் பண்ணுங்கன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஊரு உன்னை ஒரு சொல் சொல்லிடக்கூடாதேன்னுதான்."

அவன் அம்மா பக்கம் குனிந்தான். "வீட்ல இருக்கறவ மாசாமாசம் ஊசி போட்டுக்கறாளேம்மா. நீதானே கூடப் போற."

கிழவி அவனுக்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்ணில் கெஞ்சலைக் கத்தியக்கா அன்றுதான் பார்த்தாள். "நீயாவது சொல்லும்மா. நீ படிச்சவ. அப்படியெல்லாம் இருக்காதுன்னு சொல்லு."

சொல்லியிருக்கலாம். பொன்னுக்குவீங்கி வந்த எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, ஒரு டெஸ்ட் பண்ணினால் தெரிந்துவிடும் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். அவள் சொல்லவில்லை.

அவனைப் பார்த்துத்தான் பேசினாள். "வீட்டுக்குப் போனதும் மொதல்ல உங்க மனைவிகிட்ட சொல்லுங்க. இல்லைன்னா நான் வந்து சொல்லுவேன்."

அவன் அம்மாவைப் பார்க்காமல், டப்பாவையும் வாங்காமல், மாடிப்படியில் ஏறிப் போய்விட்டான். "டேய்" என்று கிழவி கூப்பிட்டாள். செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

பழி தீர்த்தால் மனசு வெறுமையாகிவிடும் என்று பெரிய மனுஷர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். கத்தியக்காவுக்கு வயிறு நிறைந்திருந்தது, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"இப்ப உனக்கு நிம்மதியா?" என்றாள் கிழவி.

"ஆமாங்க. ரொம்ப."

டப்பாவை ஜன்னல் வழியே நீட்டினாள். கிழவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பொழச்சுக்குவேனா?" என்று கேட்டாள்.

கத்தியக்கா யோசிக்கவே இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகாதுங்க. ஆபரேஷன் நல்லபடியா முடியும். ரொம்ப நாள் இருப்பீங்க."